இரண்டு லெட்சுமிகளும் ஒரு டிக்கெட்டும்

மலேசியாவில் நம் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஒரு சாய்கோடு இருக்கும். ஆண்களுக்கு ஏ/எல், பெண்களுக்கு ஏ/பி. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிவிட்டதால் அந்தக் கோடு நமக்குக் கண்ணில் படுவதே இல்லை. கணினிக்குப் படும். ஈப்போவில் நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்த காலம் முழுவதும் அது எதையாவது உடைத்துக்கொண்டேதான் இருந்தது. பள்ளிக்கூடத்து மென்பொருளில் ஒரு தடவை, நூலகத்துக்குச் செய்ததில் ஒரு தடவை. கோடு வந்த இடத்தோடு பெயர் முடிந்தது என்று எவனோ ஒருவன் எப்போதோ எழுதி வைத்திருப்பான். முனியாண்டி ஏ/எல் சுப்பையா, வெறும் முனியாண்டி ஏ ஆகிவிடுவார். நாங்கள் சிரித்துவிட்டுச் சரி செய்வோம்.

ஒரு தடவை சிரிக்க முடியவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

பிராஞ்சை டிக்கெட்டோடு இணைப்பது எப்படி என்று வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அதை நான் மறுபடி விளக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் முழிக்கக் கூடாது என்பதற்காக இரண்டு சொற்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் ஒரு குறை சொன்னால் அதற்கு ஓர் எண் கொடுத்து நாம் திறக்கும் பதிவுதான் டிக்கெட். அந்தக் குறையைச் சரிசெய்ய, ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தொடாமல், அதிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்து வேலை செய்யும் நகல்தான் பிராஞ்ச். வேலை முடிந்ததும் அதை மூல நிரலோடு சேர்ப்பது மெர்ஜ். பிராஞ்சின் பெயரில் டிக்கெட் எண்ணைப் போட்டால் இரண்டும் இணைந்துகொள்ளும். எந்த மாற்றம் எந்தக் குறைக்காகச் செய்யப்பட்டது என்று பிறகு யாரும் தேடிப் பார்க்கலாம்.

எங்கள் நிறுவனம் சிறியது. கிரீன்டவுன் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. பேராக் மாநிலத்தில் இருக்கும் சில டயாலிசிஸ் மையங்களுக்கு நாங்கள் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த வேளை, யாரை எந்த வேன் ஏற்றி வரவேண்டும் என்பதெல்லாம் அதில்தான். வேன்கள் வாடகைக்கு வருபவை. ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கைப்பேசியில் வரும் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவரை ஏற்றுவார்கள், இல்லாதவரை ஏற்ற மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு மையத்தில் இரண்டு லெட்சுமிகள் இருந்தார்கள். புந்தோங்கில் இருந்தவர் லெட்சுமி ஏ/பி ராமன். தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர் லெட்சுமி ஏ/பி முனுசாமி. இருவருக்கும் திங்கள், புதன், வெள்ளி காலை வேளை. எங்கள் மென்பொருள் கோட்டுக்குப் பின்னால் இருந்ததை வெட்டிவிட்டு இருவரையும் 'லெட்சுமி ஏ' ஆக்கியது. ஒரே பெயர், ஒரே வேளை, ஆகவே ஒரே ஆளைத் தவறுதலாக இரண்டு முறை பதிந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து ஒருவரைத் தூக்கிவிட்டது.

அந்த மையத்தின் ஒருங்கிணைப்பாளர் கலா. முப்பது வயது இருக்கும், சிம்பாங் பூலாயிலிருந்து வேலைக்கு வருவார், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற பெண். அவர்தான் இதைக் கண்டுபிடித்தார். திரையைப் படம் எடுத்து இணைத்து, 'இரண்டு லெட்சுமி ஒரே ஆளாக வருகிறார்கள்' என்று டிக்கெட் திறந்தார். நாங்கள் சரிசெய்யும்வரை சும்மா இருக்கவும் இல்லை. வேன் கிளம்பும் முன்னால் ஓட்டுநரைக் கூப்பிட்டு, தோட்டத்து லெட்சுமியையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார். அந்த அம்மாவுக்கும் போன் போட்டு வேன் வருகிறது என்பார். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள்கூட யாரும் விட்டுப்போகவில்லை.

டிக்கெட் தினேஷிடம் போனது. அவன் அப்போது சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கலாம். கை வேகம். டிக்கெட் எண்ணைப் போட்டு ஒழுங்காகப் பிராஞ்ச் திறந்தான், படத்தில் இருந்த திரையைச் சரிசெய்தான். எங்கள் சோதனைப் பிரிவும் அந்தத் திரையைத் திறந்து பார்த்தது. இரண்டு லெட்சுமிகளும் முழுப் பெயரோடு அழகாக நின்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை அது மெர்ஜ் ஆயிற்று.

எங்கள் குழுத் தலைவர் சிவனேசன். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். திறந்து கிடக்கும் டிக்கெட்டுகள் அவரைத் தூங்கவிடாது. அதற்காக அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். இணைத்த பிராஞ்ச் மெர்ஜ் ஆனதும் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும், குறை சொன்னவருக்கு 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று தகவல் போகும், திருத்தக் குறிப்பு எல்லா மையங்களுக்கும் போகும். மனிதர் கை படாமல் எல்லாம் நடக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் காப்பி வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போதே கலா கூப்பிட்டார்.

“புஷ்பாக்கா, அந்த டிக்கெட் முடிஞ்சிருச்சின்னு மெசேஜ் வந்துச்சில்ல? தோட்டத்து லெட்சுமிம்மா இன்னும் வரல லா. வேன்காரர்ட்ட கேட்டா, லிஸ்ட்ல ஒரு லெட்சுமிதான் இருக்கு, புந்தோங் லெட்சுமிய ஏத்திட்டேன்ங்கிறாரு.”

“காலையில நீங்க அவருக்கு போன் பண்ணலியா?”

“முந்தி பண்ணுவேன். முடிஞ்சிருச்சின்னு சொன்னீங்க. ஸ்க்ரீன்லயும் ரெண்டு பேரு தெரிஞ்சிச்சி. அதான் விட்டுட்டேன்.”

நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

“வேன் இப்ப எங்க இருக்கு?”

“கோப்பெங் பக்கம் போயிருச்சி. திரும்ப மத்தியானம் ஆயிரும். அக்கா, வெள்ளிக்கிழமை மெஷின்ல வச்சது. சனி, ஞாயிறு தாண்டிருச்சி. உடம்புல தண்ணி ஏறியிருக்கும். இந்தத் திங்கக்கெழமைதான் அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமான நாளு.”

உள்ளே போனேன். சிவனேசனும் தினேஷும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும் முன்பே தினேஷ் குறுக்கிட்டான்.

“அக்கா, வேன் லிஸ்ட் வேற எடத்துலேர்ந்து வருது. அங்கயும் கோட்டுல வெட்டுது. நான் பாத்தேன். அதுக்கு ஒரு பிராஞ்ச் போட்டு வச்சிருக்கேன்.”

“எங்க இருக்கு? டிக்கெட்ல ஒண்ணுதானே தெரியுது.”

“நம்பர் போடல. சும்மா ‘ச்சூபா’ன்னு பேரு வச்சேன்.”

மலாயில் ச்சூபா என்றால் செய்து பார்ப்பது. திரையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே வேன் பட்டியலிலும் அதே கோளாறு இருப்பதை அவன் பார்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமை முடியாவிட்டால் திங்கட்கிழமை முடிக்கலாம் என்று தனியாக ஒரு பிராஞ்ச் திறந்து பாதி எழுதியிருக்கிறான். அதற்குள் முதல் பிராஞ்ச் மெர்ஜ் ஆகி, டிக்கெட் மூடிக்கொண்டது. அவனுடைய வேலைப் பட்டியலிலிருந்து அந்த வேலை மறைந்தது, புது வேலை ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. ச்சூபா பிராஞ்சுக்கு எண் இல்லை, ஆகவே அது எந்தக் குறைக்கும் சொந்தமில்லை. சோதனைப் பிரிவுக்கும் தெரியவில்லை, சிவனேசனுக்கும் தெரியவில்லை.

சிவனேசன் எழுந்தே விட்டார். “சரி, அதையே இப்ப மெர்ஜ் பண்ணி அனுப்பு. மத்தியான லிஸ்ட் போறதுக்குள்ள எல்லா மையத்துக்கும் போயிடணும். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோருடைய கையும் விசைப்பலகைக்குத்தான் போகும். நமக்குத் தெரிந்த வேலை அதுதானே. என் கையும் போகத்தான் பார்த்தது. ஆனால் நிரலைச் சரிசெய்துவிட்டால் மட்டும் அந்த அம்மா மையத்துக்கு வந்துவிட மாட்டார்.

“கொஞ்சம் இருங்க சிவா. மொதல்ல அந்தம்மாவ கூட்டிட்டு வரணும். வேன் இல்ல, கலா எடத்த விட்டு வர முடியாது. நான் போறேன். ரெண்டாவது, டிக்கெட்ட இப்பவே திரும்பத் தொறக்கணும். தீரலன்னு எல்லா மையத்துக்கும் சொல்லணும்.”

“அக்கா, வெள்ளிக்கிழமை தீந்துருச்சின்னு சொல்லிட்டு திங்கட்கிழமை தீரலன்னா நம்மள என்ன நெனைப்பாங்க? சரி பண்ணிட்டே சொல்லுவமே. அரை மணி நேரம்தான்.”

“நம்ம மெசேஜ நம்பி எத்தன பேரு போன் பண்றத விட்டுட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.”

நானே சிவனேசனின் மேசைக்குப் போய் டிக்கெட்டைத் திறந்து, 'தீரவில்லை, பழையபடி ஓட்டுநரை அழைத்துச் சொல்லுங்கள்' என்று எழுதினேன்.

“மெயில் மட்டும் போட்டா பத்தாது, சிவா. ஒவ்வொரு மையத்துக்கும் நீங்களே கூப்பிடுங்க. தினேஷ், நீ அந்த ச்சூபாவ மேலேர்ந்து கீழ வரைக்கும் படி. லெட்சுமிக்குச் சம்பந்தமில்லாம அதுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு. நான் சரின்னு சொல்றவரைக்கும் அது எங்கயும் போகக் கூடாது.”

“ஒண்ணும் இருக்காதுக்கா.”

“இருக்காதுன்னா படிக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது.”

கார் சாவியை எடுத்துக்கொண்டு, தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் போகிறேன் என்றேன். அந்த ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், அங்கே போகிறேன் என்று யார் சொன்னாலும் எங்கள் ஆபீஸில் ஒரு கிண்டல் எழும், எப்போ திரும்ப விடுவாங்க என்று. அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

பட்டணத்தைத் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டிப் போனால் சாலையின் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ரப்பர் மரங்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. தோட்டத்துக்குள் பிரியும் சிம்பாங்கில், அதாவது சாலைச் சந்திப்பில், ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. வேன் அங்கேதான் வரும் என்று கலா சொல்லியிருந்தார். நிறுத்தத்தில் யாரும் இல்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மென்பொருளில் லெட்சுமியின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். நெடுநேரம் மணி அடித்த பிறகு லெட்சுமியம்மாவின் போனை வேறொரு பெண் எடுத்தார். பக்கத்து வீட்டில் சாமான்கடை வைத்திருப்பவராம்.

“லெட்சுமிக்காவா? வேன் வரலன்னு திரும்பி வந்துருச்சி. நடந்து வந்ததுல மூச்சு வாங்குது. கோயில் வாசல்ல ஒக்கார வச்சிருக்கேன். நீங்க யாரு?”

“சென்டர்லேர்ந்து கூட்டிட்டுப் போக வாரேன். அங்கயே இருக்கச் சொல்லுங்க.”

தொழிலாளர்களின் பழைய வரிசைக் குடியிருப்புகளான லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய தரைவீடுகள் இரண்டு வரிசை, கோடியில் ஒரு மாரியம்மன் கோயில். அதன் படியில் ஒரு பெண்மணி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். கால்கள் வீங்கியிருந்தன, முகமும் ஊதியிருந்தது. மடியில் ஒரு துணிப்பை, அதில் போர்வையும் பிஸ்கட் பொட்டலமும். மையத்துக்குப் போக எப்போதும் எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறார்.

நான் போய்ப் பக்கத்தில் குனிந்தேன். “அம்மா, வேன் வரலன்னு சென்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?”

மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். “கலா எப்பவும் கூப்புடும்... வேன் வருது, நில்லுங்கன்னு. இன்னிக்கி கூப்புடல. சரி, நம்ம எடத்த வேற யாருக்கோ குடுத்துட்டாங்க போலன்னு நெனைச்சேன்.”

“அப்படி எப்படிம்மா குடுப்பாங்க?”

“குடுப்பாங்கம்மா. பெரட்டுல பேரு கூப்புடலன்னா... அன்னிக்கி வேல இல்லன்னு அர்த்தம். நின்னு கேக்க முடியாது. வீட்டுக்குத் திரும்பிறணும். அதான் வந்துட்டேன்.”

பெரட்டு என்பது தோட்டங்களில் விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. என் அம்மாவும் பெரட்டுக்களத்தில் நின்றவர்தான், ஆகவே எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் 'பிழை' என்றும் 'டூப்ளிகேட்' என்றும் பேசிக்கொண்டிருந்த ஒன்றை இந்த அம்மா தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், ஊதின காலோடு வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறார்.

கடைக்காரப் பெண்ணும் நானுமாகத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினோம். இருக்கையைச் சற்றே சாய்த்து, ஆனால் படுக்கவிடாமல் உட்காரவைத்தேன். சிம்பாங்கைத் தாண்டும்போது தினேஷ் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, நல்ல வேள நிறுத்துனீங்க. ச்சூபாவுல இன்னொண்ணும் இருக்கு.”

“என்னா?”

“வேன் லிஸ்ட்ல நோயாளியோட போன் நம்பர் தெரியக் கூடாதுன்னு ஒரு டிக்கெட் இருந்திச்சில்ல? அதே ஃபைல்தானேன்னு அதையும் சேத்து ஆரம்பிச்சிருக்கேன். நம்பர எடுத்துட்டேன். நம்பர் தெரியாமலே கூப்பிடற பட்டன் அதுக்குப் பதிலா வரணும், அத இன்னும் போடல. இத அனுப்பியிருந்தா எந்த வேன்காரருக்கும் யாரு நம்பரும் இருந்திருக்காது.”

பக்கத்தில் லெட்சுமியம்மா கண்ணை மூடியபடி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அது, எல்லா மையங்களும் ஓட்டுநரையும் நோயாளிகளையும் கையால் கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்த நாள். அன்று பார்த்து எண்கள் காணாமல் போயிருக்கும்.

“தினேஷ், அத அப்படியே விடு. டிக்கெட் நம்பரோட புதுசா ஒரு பிராஞ்ச் போடு. கோட்டுல வெட்டறத நிறுத்தற வேல மட்டும் அதுக்குள்ள இருக்கட்டும். ஒரு வரி கூடுதலா இருந்தாலும் நான் விட மாட்டேன்.”

“மத்தியான லிஸ்ட்டுக்கு முடியாது போலக்கா.”

“முடியாட்டி பரவால்ல. இன்னிக்கி எல்லாரும் கையாலயே கூப்பிடுவாங்க. நீ பதறாம செய்.”

போனை வைத்ததும் லெட்சுமியம்மா கண்ணைத் திறந்தார். “ஆபீசா? என்னால ஒங்களுக்கு சுஸாவா?”

சுஸா என்றால் தொல்லை. “எங்களாலதான்மா ஒங்களுக்கு,” என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. திரும்பிச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மையத்தின் வாசலில் கலா சக்கர நாற்காலியோடு நின்றார். உள்ளே கொண்டுபோனதும் தாதி ஆக்சிஜன் வைத்தார், எடை பார்த்தார், முகத்தைச் சுளித்தார். காலை வேளை இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, அடுத்து ஓர் இயந்திரம் காலியாகும்போது இவரை வைக்க முடிந்தால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், முடியாது என்றால் இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்றார்.

முதலில் காலியாகவிருந்த இயந்திரம் மத்தியான வேளைக்காரர் ஒருவருடையது. வயதான சீனர், சீக்கிரமே வந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். கலா அவரிடம் போய்த் தணிந்த குரலில் மலாயில் விஷயத்தைச் சொன்னார். அவர் நாளிதழைத் தாழ்த்தி லெட்சுமியம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

“டியா டூலு லா,” என்றார். அவங்க முதல்ல. மறுபடி நாளிதழை உயர்த்திக்கொண்டார்.

அந்த இயந்திரத்தில் லெட்சுமியம்மாவை வைத்தார்கள். அடுத்த கட்டிலில் தன் வேளை முடிந்து எழுந்துகொண்டிருந்த புந்தோங் லெட்சுமி இவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். “எம்பேரச் சொல்லி நான் மட்டும் ஏறி வந்துட்டேனே. நாளைக்கே பேர மாத்திக்கவா?” என்றார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து தோட்டத்து லெட்சுமி முதல் தடவையாகச் சிரித்தார். பிற்பகலில் மூச்சு சீரானது, கால் வீக்கமும் வடிய ஆரம்பித்தது. சாயங்காலம் வேன் அவரை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டது.

நான் ஆபீஸுக்குத் திரும்பியபோது சிவனேசன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் பார்த்த ஆள் மாதிரி இல்லை.

“எல்லா மையத்துக்கும் கூப்பிட்டேன்கா. சுங்கை சிப்புட்ல ரெண்டு சுப்பிரமணியம் இருக்காங்க, மத்தியான வேள. அங்க இருக்கற பொண்ணும் நம்ம குறிப்பப் பாத்துட்டு போன் பண்றத நிறுத்திருச்சி. நான் கூப்பிட்டப்ப வேன் கெளம்பப் போவுது. நிறுத்திச் சொல்லியிருக்கு. சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்திருந்தா அதுல ஒருத்தரு ரோட்டுல நின்னிருப்பாரு.”



மறுநாள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். சிவனேசன் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். பிராஞ்சை டிக்கெட்டோடு இணைக்க வேண்டும் என்று ஓயாமல் சொன்னது நான்தான். இணைத்ததால்தானே டிக்கெட் தானாக மூடியது? இணைக்காமலே இருந்திருந்தால் கலா போன் பண்ணிக்கொண்டே இருந்திருப்பாரே?

பதில் தினேஷிடமிருந்து வந்தது. “அண்ணே, என் ரெண்டாவது பிராஞ்சையும் இணைச்சிருந்தா, அந்த டிக்கெட்டுக்கு இன்னொரு வேல பாக்கி இருக்குன்னு வெள்ளிக்கிழமையே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். புஷ்பாக்கா கேட்டிருப்பாங்க. நான் இணைக்காததுதான் தப்பு.”

இரண்டு பேரும் சொன்னது சரிதான். இணைப்பு ஒரு வழிகாட்டிப் பலகை. எந்த வேலை எந்த மனிதரின் குறைக்காக நடக்கிறது என்று அது காட்டும், அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. மெர்ஜ் ஆயிற்று என்றால் நம் வேலையில் ஒரு பகுதி முடிந்தது என்று பொருள். தோட்டத்து சிம்பாங்கில் வேன் நின்றதா என்று மெர்ஜுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லக்கூடியவர் கலா ஒருவர்தான்.

ஆகவே அன்றிலிருந்து சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். முயற்சி செய்து பார்க்கும் பிராஞ்சாக இருந்தாலும், பாதியில் விடப்போவதாக இருந்தாலும், எண் இல்லாமல் திறக்காதீர்கள். எந்த டிக்கெட்டும் இல்லை என்றால் முதலில் ஒன்றைத் திறந்துவிட்டு வாருங்கள். ஒரே கோப்பைத்தானே தொடுகிறோம் என்று இரண்டு குறைகளை ஒரு பிராஞ்சில் ஏற்றாதீர்கள். அவசரம் என்று வரும்போது இரண்டில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க உங்களால் முடியாது. டிக்கெட்டை மூடும் உரிமையைத் திறந்தவருக்கே விட்டுவிடுங்கள். 'தீர்க்கப்பட்டது' என்று அனுப்பிக்கொண்டிருந்த தகவலை, 'ஒரு மாற்றம் செய்திருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள், அதுவரை நீங்கள் செய்துவருவதை நிறுத்த வேண்டாம்' என்று மாற்றினோம். இதில் கடைசிப் பகுதி எல்லாவற்றையும்விட முக்கியம். நம் மென்பொருளில் ஓட்டை இருக்கிற இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் தன் கையை வைத்து அடைத்துக்கொண்டிருப்பார். நாம் வேலை முடிந்தது என்று சொன்ன நிமிஷம் அந்தக் கையை எடுத்துவிடுவார். சொல்லும் முன்னால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தானாக மூடும் ஏற்பாட்டை சிவனேசனே நிறுத்தினார், நான் கேட்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் திறந்திருக்கும் டிக்கெட்டுகளைக் காட்டும் வரைபடத்தின் கோடு திடீரென்று மேலே ஏறியிருப்பதைப் பார்த்து மேலாளர் புருவத்தை உயர்த்தினார். குழு சோம்பிவிட்டதா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே சிவனேசன் சொன்னார், “முன்ன இருந்த கோடு பொய். இது நிஜம். நிஜத்தப் பாத்து வேல செய்யறோம்.” அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. மேலாளர் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

இனி அந்த டிக்கெட். தினேஷ் புதுப் பிராஞ்சில் கோட்டுப் பிரச்சினையை மட்டும் சரிசெய்தான். நான் என் பிரிவிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தெரிந்த பெயர்களையெல்லாம் ஏ/எல், ஏ/பி போட்டு உள்ளே கொட்டச் சொன்னேன். திரை, வேன் பட்டியல், ஓட்டுநரின் கைப்பேசி என்று பெயர் போய்ச் சேரும் இடமெல்லாம் பார்த்த பிறகே மெர்ஜுக்குச் சம்மதித்தேன். மாற்றம் போனது. டிக்கெட் திறந்தே இருந்தது, கலாவின் பதிலுக்காக.

கலா மூடவில்லை. வேன் பட்டியல் ஒவ்வொரு காலையும் சரியாகத்தான் வந்தது, இரண்டு லெட்சுமிகளும் அதில் இருந்தார்கள். ஆனாலும் அவர் ஓட்டுநரைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. தினேஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் பெயருக்கு எதிரே அந்த ஒரு டிக்கெட் மட்டும் வாரக்கணக்கில் திறந்து கிடந்தது. ஒரு நாள் அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டான்.

“கலாக்கா, அது எப்பவோ சரியாயிருச்சி. மூடிறலாமே?”

“தெரியும் தம்பி. இன்னும் கொஞ்ச நாளு நான் பாத்துக்கிறேன்.”

அவன் என்னிடம் வந்து முறையிட்டான். அவங்க பாக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை டிக்கெட் மூடப்பட்டதாகத் தகவல் வந்தது. மூடியவர் பெயர் கலா. கீழே மூன்று வரிகள் எழுதியிருந்தார்.

'இன்று நான் யாருக்கும் போன் செய்யவில்லை. வேன் தானாகப் போய் நின்றது. இரண்டு லெட்சுமியும் வந்துவிட்டார்கள்.'